விடுதிக்குப் போகும் தம்பி தங்கைகளே, மனசுக்கும் ஒரு கணக்கு வையுங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் இந்த மாதம் கோலாலம்பூர் பக்கம் படிக்கப் போகிறார்கள். நெத்திலி சம்பல், ரைஸ் குக்கர் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. "கைப்பேசியில என்னக்கா வச்சுக்கணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குக் கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அன்றாட மனநிலையைக் குறித்து வைக்கும் டேலியோ செயலியை இறக்குங்கள். இலவசப் பதிப்பே போதும். தினமும் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டு, அன்று என்ன செய்தீர்கள் என்பதையும் குறித்தால் வேலை முடிந்தது. பதிவுகள் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். முகங்களின் பெயரை மாற்றலாம் என்பதால், நம் வாயில் வருகிற சொல்லைத் தமிழிலேயே எழுதுங்கள். நான் வைத்திருப்பவை: மனசு லேசு, பரவாயில்லை, சலிப்பு, பாரம், உடைஞ்சுட்டேன். 'டென்ஷன்' என்று மட்டும் வைக்காதீர்கள். கோபம், பயம், அவமானம், வீட்டு ஏக்கம் என எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். பிறகு எதற்கு அழுகிறோம் என்பதே தெரிவதில்லை.

செயல்களின் பட்டியலையும் உங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். 'காலைச் சாப்பாடு இல்லை', 'மூன்று மணி வரை முழிப்பு', 'பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் தீர்ந்தது', 'அம்மாவிடம் பேசினேன்' என்றெல்லாம் நான் சேர்த்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தேன். பரீட்சைதான் என்னைப் படுத்துகிறது என்று நம்பியிருந்தேன். ஆனால் 'பாரம்' அதிகம் விழுந்திருந்தது அம்மாவிடம் பேசிய நாள்களில். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியா பாப்பா?" என்றால் "சாப்பிட்டேன்மா" என்பேன். "படிப்பு?" என்றால் "நல்லா போகுதும்மா." இரண்டுமே பொய். அன்றே 'மறைத்தேன்' என்று புதிதாக ஒன்று சேர்த்தேன். அடுத்த வாரம், "அக்கவுண்டிங்ல ரெண்டு டெஸ்ட் போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மழையில ரப்பர் பால் வெட்ட முடியாம சம்பளம் குறைஞ்சா நானும் உன்கிட்ட சொல்றதில்ல பாப்பா" என்றார் அம்மா. அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது.

ஆகவே தினமும் குறிப்பதோடு விடாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள்.

மனசில் இருப்பதற்குப் பெயரே கிடைக்காத நாளுக்கு 'ஹவ் வி ஃபீல்' இருக்கிறது. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராக்கெட் உருவாக்கத்தில் பங்கேற்ற இலவசச் செயலி. அதில் சிவப்பும் நீலமும் மனசுக்குப் பிடிக்காத உணர்வுகள்: படபடப்போடு வந்தால் சிவப்பு, சோர்ந்து கிடந்தால் நீலம். மஞ்சளும் பச்சையும் இதமானவை. நிறத்தைத் தொட்டால் உள்ளே சொற்கள் வரும். ஆங்கிலச் சொற்கள்தான், இருந்தாலும் தேடும்போதே பாதி தெளிந்துவிடும்.

சிவப்பில் இருக்கும்போது எந்தச் செயலியையும் தேட வேண்டாம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு தணியும்.

பண விஷயத்தில் கவனமாக இருங்கள். 'ஏழு நாள் இலவசம்' என்ற ஒரு தியானச் செயலிக்கு அண்ணனின் கார்டு எண்ணைக் கொடுத்தேன். பிடிக்காமல் அழித்துவிட்டேன், ஆனாலும் பணம் பிடித்துவிட்டார்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாப் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும்.

இரண்டு வாரமாகப் பாரம் இறங்கவே இல்லையென்றால் கல்லூரிக் கவுன்சலரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண்ணுக்கு அழையுங்கள்: 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள்.

கவுன்சலரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், டேலியோவின் மாதப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் முதலில் விரல் வைத்துக் காட்டியது 'மறைத்தேன்' என்ற சொல்லை.