அடைப்புக்குறிக்குள்தான் பாதி நாடகம்: நாடகம் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாடகக் குழுக்களின் ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம், பிள்ளைகள் பிரதியை எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனிப்பேன். அந்த வயதில் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் அவர்களும் அடிக்கிறார்கள். "நிதானமாகப் படி", "அகராதியைப் பார்" என்பதையெல்லாம் எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார். ஒத்திகையில் வந்து காலை வாரும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆறு கட்டங்களை நிரப்புவது

கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, சொல்நடை, இசை, காட்சி என்று துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகள் உண்டு என்றார் அரிஸ்டாட்டில். தேர்வுக்குப் படித்தவர்கள் இதை அட்டவணையாகப் போட்டு, எந்த நாடகம் கிடைத்தாலும் நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அரிஸ்டாட்டிலே ஆறையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கதைப்பின்னல்தான் உயிர் என்றார்; காட்சியலங்காரம் கவிஞனின் கலையோடு மிகக் குறைந்த தொடர்புடையது என்று ஒதுக்கினார். அந்த முதல் உறுப்பைப் பிடியுங்கள். காட்சி தொடங்கும்போது யார் கை ஓங்கியிருக்கிறது, முடியும்போது யார் கை? இதற்கு விடை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பேசுபவரின் பெயரை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படிப்பது

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் வசனம் "யாரங்கே?". நள்ளிரவுக் காவல் என்றால் இதில் என்ன புதுமை என்று கடந்துபோகிறார்கள். கேட்பது யார் என்று பாருங்கள். காவலில் நிற்கும் பிரான்சிஸ்கோ அல்ல, அவனை மாற்றிவிட வந்த பெர்னார்டோ! நிற்பவன் கேட்க வேண்டியதை வருபவன் கேட்கிறான். "நீ சொல், யார் நீ?" என்று பிரான்சிஸ்கோ திருப்பிக் கேட்கிறான். பெர்னார்டோ ஏற்கெனவே இரண்டு இரவுகள், இறந்துபோன மன்னனின் ஆவியைக் கண்டவன். ஆவி மேடைக்கு வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது.

அடைப்புக்குறியைத் தாண்டிப் போவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு கல்லூரியில் ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் செர்ரித் தோட்டத்தை மேடையேற்ற இருந்தார்கள். கடைசி வாரத்தில் என்னை அழைத்தார்கள். முழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் அங்கத்தில் லோபாகினாக நடித்த பையன் பாதியில் நிறுத்தி, "அவள் சாவியை எறிந்துவிட்டாள் என்று இங்கே ஒரு வசனம் வருகிறது. எந்தச் சாவி சார்?" என்றான்.

பிரதியை வாங்கிப் பார்த்தேன். கணினியில் ஏற்றிய மாணவர் அடைப்புக்குறிக்குள் இருந்த மேடைக்குறிப்புகள் அத்தனையையும் நீக்கியிருந்தார். கேட்டதற்கு, "அது இயக்குநருக்குத்தானே சார், நடிகர்களுக்கு எதற்கு?" என்றார்.

அவர் எதை நீக்கினார் என்று பாருங்கள். வார்யா அந்த வீட்டின் வளர்ப்பு மகள். இடுப்பில் சாவிக்கொத்தோடு வீட்டைக் கட்டி ஆள்பவள் அவள்தான். பண்ணை ஏலத்துக்குப் போகிறது. அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த லோபாகின், அதை ஏலத்தில் எடுத்தவன் தானே என்று அறிவிக்கிறான். வார்யா ஒரு சொல்லும் பேசுவதில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கூடத்தின் நடுவே தரையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். அந்த அங்கத்தில் அவளுடைய பெரிய வசனமே அதுதான், அது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. வார்யாவாக நடித்த பெண்ணோ, அந்த இடத்தில் தனக்கு வசனம் இல்லையே என்று ஒத்திகை முழுக்க ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

நான்காம் அங்கத்தில் இன்னும் மோசம். லோபாகின் வார்யாவிடம் திருமணம் பற்றிக் கேட்கப் போகிறான் என்று வீடே எதிர்பார்க்கிறது. இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் மூட்டைகளுக்குள் எதையோ தேடுகிறாள். என்ன தேடுகிறாய் என்கிறான். நானே எடுத்து வைத்தேன், நினைவில்லை என்கிறாள். பிறகு குளிரைப் பற்றிப் பேச்சு. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பாகை இருக்கும் என்கிறான். நான் பார்க்கவில்லை, எங்கள் வெப்பமானியும் உடைந்துவிட்டது என்கிறாள். மௌனம். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்த அழைப்புக்காகவே நெடுநேரம் காத்திருந்தவன்போல, "இதோ வருகிறேன்" என்று விரைந்து போய்விடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலைசாய்த்து மெல்ல விம்முகிறாள்.

அந்தக் குழு இந்தக் காட்சியை வெட்டியிருந்தது. "வானிலையைப் பற்றித்தானே பேசுகிறார்கள், நேரம் வேறு போதவில்லை" என்றார்கள். அவர்கள் கையில் இருந்த பிரதியில் அது வானிலைப் பேச்சுதான். காத்திருந்தவன்போல என்பதும் இல்லை, மௌனமும் இல்லை, விம்மலும் இல்லை. காட்சியை மீண்டும் சேர்த்து, யார் எங்கே நிற்பது என்பதை முதலிலிருந்து மாற்றியதில் அந்த வாரம் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பென்சிலோடு படியுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் முதலில் அடிக்கோடிடுங்கள். "மௌனம்" என்று வரும் இடத்தில், இப்போது பேச வேண்டிய கடமை யாருக்கு, அவர் ஏன் பேசவில்லை என்று கேளுங்கள். மேசை, நாற்காலி, சாவி, குடை எது குறிப்பிடப்பட்டாலும் அது பிறகு எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

எல்லா அடைப்புக்குறியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் "கோட்டையின் மற்றொரு பகுதி" என்பதுபோல வரும் இடக்குறிப்புகளை அவர் எழுதவில்லை. 1709இல் நிக்கலஸ் ரோவின் பதிப்பு தொடங்கி, பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை அவை. ஷேக்ஸ்பியரின் குறிப்புகள் பெரும்பாலும் வசனத்துக்குள்ளேயே இருக்கும். லியர் மன்னன் சாகும் தறுவாயில், இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டு, நன்றியும் சொல்கிறான். யாரோ ஒருவரின் கை அவன் மார்பருகே வந்தாக வேண்டும். யாருடைய கை என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவது

நார்வே நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீடு (1879) தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், நாயகி நோரா கணவனுக்குத் தெரியாமல் மாக்கரூன் என்ற இனிப்பைத் தின்கிறாள். கேட்டால் தின்னவே இல்லை என்கிறாள். அதற்குப் பிறகும் அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்பவர்களை என்ன செய்வது?

இன்பியலா, துன்பியலா என்று முதலிலேயே முத்திரை குத்துவது

செர்ரித் தோட்டத்தை நான்கு அங்கங்களில் ஓர் இன்பியல் என்றுதான் செகாவ் குறிப்பிட்டார். அதை மேடையேற்றிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி துன்பியலாகவே கண்டார். 1904இல் மாஸ்கோவில் அரங்கேறிய பிறகு, அதிகம் போனால் 12 நிமிடத்தில் முடிய வேண்டிய அங்கம் 40 நிமிடம் இழுக்கிறது என்று மனைவி ஒல்காவுக்குக் கடிதத்தில் செகாவ் பொருமினார். அவர் சொன்னது அந்த நான்காம் அங்கத்தைத்தான். வார்யா விம்மி முடித்துக் கொஞ்ச நேரத்தில் மூட்டையிலிருந்து ஒரு குடையை வெடுக்கென்று உருவுகிறாள். அடிக்கத்தான் ஓங்குகிறாள் என்று பயந்தவன்போல லோபாகின் பாவனை செய்கிறான். எந்த முத்திரையைக் குத்தினாலும் இரண்டில் ஒன்று உங்கள் கண்ணில் படாது.

உணர்ச்சி பொங்க வாசிப்பது

முதல் வாசிப்பில் வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள், ஆனால் சலவைக் கணக்கு வாசிப்பதுபோலப் படியுங்கள். எங்கே குரல் தானாக மாறுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது.

எல்லா நாடகமும் மேடைக்கு என்று நினைப்பது

பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) படிப்பதற்கென்று எழுதிய கவிதை நாடகம். அதை ஒத்திகைக் கணக்கில் அளக்காதீர்கள்.

முன்னுரையை முதலில் படிப்பது

கடைசியில் படியுங்கள். பல முன்னுரைகள் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடும்.