நீதிபதியின் கையெழுத்துக்குத் தீர்ப்பாணை வரைவு எழுதும் முறை

உரிமையியல் வழக்கில் நீதிபதி தீர்ப்புரை கூறிய பிறகு, அதன் வழியே தீர்ப்பாணை ஒன்று வரையப்பட்டு, அவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டின் மாவட்ட உரிமையியல் நீதிமன்றங்களிலும் சார்பு நீதிமன்றங்களிலும் அந்த வரைவை எழுதுவது பணியாளர்களின் பொறுப்பு. புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்கள், தீர்ப்புரையைச் சுருக்கினால் அதுவே தீர்ப்பாணை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தீர்ப்புரையில் காரணங்கள் இருக்கும்; தீர்ப்பாணையில் முடிவு மட்டுமே இருக்கும். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்றுதல் மனு வந்து, அதை நேரில் சென்று செயல்படுத்தும் நீதிமன்றப் பணியாளரான அமீனா வயல் வரப்பில் நின்று படிக்கும்போது அவர் கையில் இருப்பது தீர்ப்பாணைதான். நிறைவேற்றும் நீதிமன்றமும் அதற்கு அப்பால் சென்று வழக்கை மறுபடி ஆராய முடியாது. ஆகவே, வழக்கைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் வழக்குக் கட்டை முழுதாகப் புரட்டுங்கள். வாதி தாக்கல் செய்த வழக்குரை திருத்தப்பட்டிருந்தால் கடைசியாகத் திருத்தப்பட்ட படியை மட்டும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய படியிலிருந்து தரப்பினர் பெயரையும் சொத்து விவரத்தையும் எடுத்தெழுதுவதால் வரும் பிழைகளே அதிகம். வழக்கின் நடுவே இறந்தவர்கள், வாரிசுகளாகச் சேர்க்கப்பட்டவர்கள், நீக்கப்பட்டவர்கள் ஆகியோரை இடைக்கால மனுக்களின் உத்தரவுகளோடு ஒத்துப்பாருங்கள். வரிசை எண்ணை மாற்றாதீர்கள். 1-ஆம் பிரதிவாதி இறந்துவிட்டால் அவர் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று குறித்து, வாரிசுகளை அவர்களுக்குரிய எண்ணில்தான் காட்ட வேண்டும்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை, 6-ஆம் விதி தீர்ப்பாணையில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறது: வழக்கு எண், தரப்பினரின் பெயர், விவரம், முகவரி, கோரிக்கையின் விவரம், வழங்கப்பட்ட பரிகாரம், செலவுத்தொகை. 6-அ விதி, தீர்ப்பு கூறிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் இதை வரைய வேண்டும் என்கிறது. நீங்கள் பன்னிரண்டாம் நாள் எழுதினாலும், நீதிபதி பதினான்காம் நாள் கையெழுத்திட்டாலும், 7-ஆம் விதிப்படி தீர்ப்பாணை தாங்க வேண்டிய தேதி தீர்ப்பு கூறிய நாளே. தீர்ப்புக்குப் பிந்திய வட்டியும், நிறைவேற்றுதலுக்கான 12 ஆண்டுக் காலவரையறையும் பொதுவாக அந்தத் தேதியைக் கொண்டே கணக்கிடப்படுவதால் இது சிறிய செய்தி அல்ல.

தலைப்பகுதியும் முன்னிலையான வழக்கறிஞர்களின் பெயர்களும் வழக்கமான படிவத்திலேயே அமையும். உண்மையான வேலை, 'இந்நீதிமன்றம் பிறப்பிக்கும் தீர்ப்பாணை யாதெனில்' என்ற தொடருக்குப் பிறகே தொடங்குகிறது. ஒவ்வொரு பரிகாரத்தையும் தனி எண்ணிட்டுத் தனி வாக்கியமாக எழுதுங்கள். யார், யாருக்கு, எதை, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற நான்கும் அந்த வாக்கியத்திலேயே நிற்க வேண்டும். 'இரண்டு மாதங்களுக்குள்' என்றால், எந்தத் தேதியிலிருந்து என்று தீர்ப்புரை சொல்வதையும் சேர்த்தே எழுதுங்கள். மூன்று பிரதிவாதிகளில் ஒருவர் மீதான வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், 'பிரதிவாதிகள்' என்ற பொதுச்சொல் அவரையும் இழுத்துக்கொள்ளும். '1, 2 பிரதிவாதிகள்' என்று எழுதி, 3-ஆம் பிரதிவாதியைப் பொறுத்து வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது என்பதைத் தனி வரியாக வையுங்கள். விளம்புகை (உரிமை இன்னாருக்கு என்ற அறிவிப்பு) வழங்கி, உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யக்கூடாது அல்லது செய்ய வேண்டும் என்ற கட்டளை) மறுக்கப்பட்டிருந்தால், மறுத்ததையும் எழுத வேண்டும்.

எதையும் கூட்டாதீர்கள். உறுத்துக்கட்டளை என்றதும் 'பிரதிவாதியோ, அவரது ஆட்களோ, முகவர்களோ' என்று கை தானாக எழுதிவிடும். தீர்ப்புரையில் நீதிபதி அப்படிச் சொல்லவில்லை என்றால், அந்தச் சொற்களைச் சேர்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

பண வழக்கில் வட்டியைக் கவனியுங்கள். அசல் ரூ. 2,00,000, வழக்குக்கு முந்தைய வட்டி ரூ. 36,000, ஆக ரூ. 2,36,000 கோரப்பட்ட வழக்கு முழுமையாகத் தீர்ப்பாகிறது என்று கொள்வோம். அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, வழக்குத் தேதிக்குப் பிந்திய வட்டி அசல் தொகைக்கு மட்டுமே ஓடும். தீர்ப்புக்குப் பின் 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ரூ. 12,000. 'மேற்படி தொகைக்கு வட்டி' என்று பொதுவாக எழுதிவிட்டால் அதை ரூ. 14,160 என்று கணக்கிட இடம் கொடுத்துவிடுகிறோம். 'அசல் தொகை ரூ. 2,00,000-க்கு' என்று தொகையையே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

சொத்து விவரத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பத்திரங்களில் நான்கெல்லை பெரும்பாலும் 'வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னாரின் நஞ்சைக்கு வடக்கு' என்ற முறையில் எழுதப்படும். வண்டிப்பாதைக்குக் கிழக்கே சொத்து இருக்கிறது, அதாவது பாதை சொத்தின் மேற்கெல்லை என்பதே அதன் பொருள். பணியில் சேர்ந்த புதிதில் அதை அட்டவணையாக்குகிறேன் என்று 'கிழக்கு: வண்டிப்பாதை' என்று எழுதிவிட்டேன். கையெழுத்தும் ஆகிவிட்டது. நிலத்தைச் சுவாதீனம் (உடைமை) எடுக்கப் போன அன்று நிலத்தின் கிழக்கே பாதையே இல்லை. அமீனா திரும்பி வந்தார். ஆண்டுக்கணக்கில் வழக்காடி வென்ற ஒரு முதியவர் என் ஒரு வரியால் மறுபடி திருத்த மனு போட்டு அலைந்தார். அன்றிலிருந்து வழக்குரைத் தபசிலை (சொத்து விவரப் பட்டியலை) எழுத்து மாறாமல் அப்படியே எடுத்தெழுதுகிறேன். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, கதவு எண் இவற்றை ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி எதையும் நான் கண்டதில்லை.

செலவுப் பட்டியலில் நீதிமன்றக் கட்டணம், வக்காலத்து, அழைப்பாணைக் கட்டணம், சாட்சிப் படி, ஆணையர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் ஆகியவை இரு தரப்புக்கும் தனித்தனிப் பத்தியில் வரும். செலவுத்தொகை இல்லை என்று தீர்ப்பாகியிருந்தால் அதையும் ஆணைப் பகுதியில் எழுதுங்கள்.

வரைவின்போது தீர்ப்புரையிலேயே ஒரு பிழை கண்ணில் படலாம். 114/2 என்று இருக்க வேண்டிய சர்வே எண் 114/12 என்று இருக்கலாம். நல்லெண்ணத்தோடு நீங்களே திருத்தி எழுதிவிடாதீர்கள். தீர்ப்பாணை தீர்ப்புரையோடு ஒத்திருக்க வேண்டும் என்பதே முதல் விதி. ஒரு துண்டுத்தாளில் பக்கத்தையும் வரியையும் குறித்து, வரைவோடு சேர்த்து நீதிபதியின் பார்வைக்கு வையுங்கள். எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் எப்போது வேண்டுமானாலும் திருத்த 152-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அந்தத் திருத்தம் அவருடைய உத்தரவாகவே வர வேண்டும். கையெழுத்திடும் முன் அவர் மாறுதலாகிப் போய்விட்டால், 20-ஆம் கட்டளையின் 8-ஆம் விதிப்படி அவருக்கு அடுத்து வருபவர் அதில் கையெழுத்திடலாம். அந்த வழக்கை விசாரித்தே இராத அவருக்கும் ஐயம் எழாதபடி, தீர்ப்புரையின் கடைசிப் பத்தி இருக்கும் பக்கத்தில் அடையாளத்தாள் வைத்துக் கட்டை அனுப்புங்கள்.