பழைய டர்ன்டேபிள் எந்த ரகம்? தட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும்

இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் பழைய டர்ன்டேபிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயரைத்தான் பார்க்கிறார்கள். நான், இசைத்தட்டை வைக்கும் அந்தச் சுழலும் தட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். மோட்டாரின் சுழற்சி எந்த வழியாகத் தட்டுக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் இவற்றை முக்கியமாக ரகம் பிரித்தார்கள். எது தேய்ந்திருக்கும், என்ன சத்தம் வரும், எவ்வளவு செலவு வைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. அப்புறம் ஊசிக்கு மூடி போட்டு, ஊசியைத் தாங்கும் கையான ஆர்மை அதன் தாங்கியில் பூட்டுங்கள். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, நடுத்தண்டில் கிளிப் இருந்தால் கழற்றி, தட்டை இரண்டு கையாலும் நேராக மேலே தூக்குங்கள்.

மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் இருந்தால் அது ஐட்லர் வகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கிலாந்தின் ஸ்விண்டனில் தயாராகி 1954-ல் வந்த கேரார்ட் 301 இந்த வகை. அதை ‘டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்ற பெயரில், அதாவது வானொலி நிலைய வேலைக்குத் தாங்கும் தரம் என்று சொல்லி, ஆர்ம் இல்லாமல் விற்றார்கள். ஆர்மையும் பெட்டியையும் வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இழுவை பலமாக இருக்கும், ஆனால் மோட்டாரின் அதிர்வு ரப்பர் வழியாக ஊசிவரை ஏறி அடியில் ஓர் உறுமலாகக் கேட்கலாம். சக்கரத்தின் விளிம்பை நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய ஐட்லரில், சக்கரம் தண்டோடு அழுந்தியபடியே வருடக்கணக்கில் கிடந்ததால், ஓரிடத்தில் அரிசி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பாட்டின் சத்தம் குறையும் இடங்களில் அந்த ‘டக், டக்’ தெளிவாகக் கேட்டது.

ரப்பர் பெல்ட் இருந்தால் பெல்ட் வகை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் வடிவமைத்து 1961-ல் வந்த ஏ.ஆர். (அக்வஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் டர்ன்டேபிளில் தட்டும் ஆர்மும் ஒன்றாக ஸ்பிரிங்குகளில் தொங்கும், அதனால் மோட்டார் அதிர்வு அவற்றை அதிகம் எட்டுவதில்லை. பெல்ட் தொய்ந்திருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டி.டி. 124-ல் பெல்ட், ஐட்லர் இரண்டும் உண்டு, பார்த்துக் குழம்பாதீர்கள்.

இரண்டும் இல்லாமல் தட்டு மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருந்தால் டைரக்ட் டிரைவ். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.பி.-10 1970-ல் இதைத் தொடங்கிவைத்தது. இதில் தேய ரப்பர் கிடையாது, வயதாவது மின்சுற்றுதான்.

சரி, அடுத்து மின்சார விவரம் எழுதிய தகட்டைப் படியுங்கள். ஐட்லரோ பெல்ட்டோ, 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுமார் 28-ஆகக் குறைந்து குரலெல்லாம் கனத்துப்போகும். மோட்டார் தண்டில் மாட்டும் சிறு உருளையான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதாகத் தேட வேண்டும். 110 வோல்ட் என்றால் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும்.

கடைசியாக வேகம். வேகம் பார்ப்பதற்கென்றே சுற்றிலும் 180 கோடு போட்ட 33⅓ ஸ்ட்ரோப் வட்டத்தை இசைத்தட்டின் நடுவில் வைத்து, ஊசி பாடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள், ஏனென்றால் ஊசியின் இழுப்பும் கணக்கில் வர வேண்டும். வெளிச்சத்துக்கு நியான் விளக்கோ சோக் வைத்த பழைய டியூப்லைட்டோ நல்லது, பல எல்.இ.டி. பல்புகளில் கோடு நிற்காது. வேகம் சரியென்றால் கோடுகள் நின்றதுபோலத் தெரியும், தட்டு சுற்றும் பக்கமே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குறைவு. பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளிருக்கும் மசகு எண்ணெய் கொஞ்சம் சூடான பிறகு, வேகத்தைத் திருத்தும் குமிழ் இருந்தால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கோடுகளை நிறுத்துங்கள்.