எக்காலத்துக்குமான கூடைப்பந்தாட்ட வீரர் வரிசையை நாமே தயாரிப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கூடைப்பந்தாட்டம் பார்க்கும் இரண்டு இளைஞர்கள் கதைக்கத் தொடங்கினால், மைக்கல் ஜோர்டன் பெரியவரா, லெப்ரோன் ஜேம்ஸ் பெரியவரா என்ற கேள்விக்கு வந்துசேர அதிக நேரம் எடுப்பதில்லை. ஒருவர் பட்டங்களை எண்ணுவார், மற்றவர் புள்ளிகளை எண்ணுவார். அளவுகோல் எது என்று முதலில் பேசிக்கொள்ளாததால், கடைசியில் உரத்துக் கதைத்தவரே வென்றவராகிவிடுகிறார். இந்த ஆட்டத்தை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களும், எவர் கேட்டாலும் காரணம் சொல்லக்கூடிய பத்துப் பேர் கொண்ட வரிசையொன்றைத் தயாரிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஜோர்டன் சிக்காகோ புல்ஸ் அணிக்காக ஆறு பட்டங்களை வென்ற 1991 முதல் 1998 வரையான காலத்தில், வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதியில் மின்சாரமே இருக்கவில்லை. ஆகவே நம்மில் பெரும்பாலானோருக்கு ஜோர்டனும் அவருக்கு முந்தைய தலைமுறையின் பில் ரசலும் ஒரே வழியில்தான், அதாவது பழைய பதிவுகளின் மூலம்தான், அறிமுகமானார்கள். சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்து நெஞ்சில் வைத்த நாயகன் என்ற பற்று நம் தீர்ப்பைச் சாய்ப்பதில்லை. அந்த நடுநிலையை வீணாக்காமல் பயன்படுத்துவோம்.

கோடு போட்ட ஒரு கொப்பி, ஒரு கல்குலேட்டர், இணைய வசதியுள்ள ஒரு தொலைபேசி ஆகியவை போதும். பாஸ்கட்போல் ரெஃபரன்ஸ் என்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு வீரரின் ஆண்டுவாரியான பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குகள் யாவும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை செய்யக்கூடியவையே.

படி 1: எல்லையை வரையுங்கள்

எந்தப் போட்டித் தொடரின் வீரர்களை எடுக்கிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். இன்று என்.பி.ஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அமைப்பு 1946இல் வேறு பெயரில் தொடங்கி, 1949இல் இன்னொரு அமைப்புடன் இணைந்து இப்பெயரைப் பெற்றது. அதற்குப் போட்டியாக 1967இல் தோன்றிய ஏ.பி.ஏ என்ற அமைப்பின் நான்கு அணிகள் 1976இல் என்.பி.ஏயில் சேர்ந்தன. முதலில் ஏ.பி.ஏயில் ஆடிய ஜூலியஸ் ஏர்விங் போன்ற வீரரின் முற்பகுதிச் சாதனைகளைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் எல்லையைப் பொறுத்தது. நான் சேர்க்கிறேன்.

பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ 1997இல் தொடங்கியது. அதன் முதல் நான்கு பட்டங்களையும் ஹூஸ்டன் கொமெட்ஸ் அணி வென்றது. நான்கு முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை சிந்தியா கூப்பரே. அவர்களுக்குத் தனி வரிசை தயாரிப்பதே நியாயம். தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வலைப்பந்தாட்டத்துக்கு வந்த நம் பாடசாலைப் பிள்ளைகள் அந்த வரிசையைத் தயாரிக்க வேண்டும் என்பது என் விருப்பம். கீழே சொல்லும் முறை அதற்கும் அப்படியே பொருந்தும்.

படி 2: பெயருக்கு முன்னர் அளவுகோலை எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவரின் வரிசை நிலைப்பதில்லை. பிடித்த வீரரை முதலில் எழுதிவிட்டு, அவருக்கு ஏற்ற அளவுகோலைப் பின்னர் தேடினால், அது வரிசையாகாது, வக்காலத்தாகிவிடும். எனவே வெற்றுத்தாளில் அளவுகோல்களை எழுதி, மொத்தம் 100 வரும்படி ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஒதுக்குங்கள். நான் ஒதுக்குவது இவ்வாறு: வீரரின் மிகச் சிறந்த நான்கைந்து ஆண்டுகளின் உச்சத்துக்கு 30, பட்டத்துக்கான பிளேஒஃப் ஆட்டங்களில் காட்டிய திறனுக்கு 25, நீண்ட காலம் நிலைத்து ஆடியதற்கு 20, தடுப்பாட்டத்துக்கு 15, ஆட்டத்தையே மாற்றிய செல்வாக்குக்கு 10.

உச்சத்துக்கு அதிகம் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் அணி பட்டம் வெல்வது அதன் தலைசிறந்த வீரர் எட்டும் உயரத்தினால்தான். இருபது ஆண்டுகள் நல்ல வீரராக இருந்தவரைவிட, ஐந்து ஆண்டுகள் எவராலும் தடுக்க முடியாதவராக இருந்தவர் தம் அணியைத் தூக்கி நிறுத்தியிருப்பார். நீங்கள் வேறு விதமாகக் கருதினால் வேறு விதமாக ஒதுக்குங்கள். ஆனால் பெயர்களை எழுதத் தொடங்கிய பின்னர் அந்த ஒதுக்கீட்டில் கைவைக்கக்கூடாது.

படி 3: இருபது பேரைத் தெரிவு செய்யுங்கள்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1955–56 பருவம் முதல் வழங்கப்படும் எம்.வி.பி, அதாவது ஆண்டின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் விருதை, இரண்டு தடவைக்கு மேல் பெற்றவர்கள் அனைவரையும் எழுதுங்கள். ஆறு முறை வென்ற கரீம் அப்துல் ஜப்பார், ஐந்து முறை வென்ற ஜோர்டன், ரசல் ஆகியோரிலிருந்து மூன்று முறை வென்ற மஜிக் ஜோன்சன், லரி பேர்ட், நிக்கோலா யோக்கிச் வரை அதில் வந்துவிடுவார்கள். பின்னர் டிம் டங்கன், ஹக்கீம் ஒலாஜுவான், ஷக்கீல் ஓநீல், கோபி பிரயன்ட், ஸ்டீபன் கறி, ஒஸ்கார் ரொபர்ட்சன், ஜெரி வெஸ்ட் ஆகியோரைச் சேருங்கள். மிஞ்சும் இடங்களை நீங்களே நிரப்பலாம்.

படி 4: காலத்தைச் சரிக்கட்டுங்கள்

புதியவர்கள் திகைத்து நிற்கும் இடம் இதுதான். 1961–62 பருவத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்ட்களும் (கூடையில் விழாமல் தவறிய பந்தைப் பிடித்தெடுத்தல்) எடுத்தார். இந்த எண்களை இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்தால், மற்ற எவரையும் பற்றிப் பேசவே இடமிருக்காது. ஆனால் மழை பொழியும் காலபோகத்து விளைச்சலையும் இரணைமடுக் குளத்தின் நீரை அளந்து பாய்ச்சும் சிறுபோகத்து விளைச்சலையும் எந்த விவசாயியும் வெறும் மூட்டைக் கணக்கால் ஒப்பிட மாட்டார். ஆட்டத்துக்கும் அது பொருந்தும்.

அக்காலத்தில் ஆட்டம் மிக வேகமானது. ஓர் அணி நூறு தடவைக்கு மேல் கூடையை நோக்கி எறிந்தது, இன்று தொண்ணூறுக்குச் சற்றுக் குறைவாகவே எறிகிறது. அன்று எறிந்தவற்றில் தவறியவையும் அதிகம். தவறிய பந்து அதிகமானால் பிடித்தெடுப்பதற்கான ரீபவுண்டும் அதிகமாகும். அந்தப் பருவத்தில் ஓர் அணிக்கு ஆட்டமொன்றில் ஏறத்தாழ 70 ரீபவுண்ட்கள் கிடைத்தன, இன்று ஏறத்தாழ 44 கிடைக்கின்றன. இப்போது கல்குலேட்டரை எடுங்கள். 25.7ஐ 70ஆல் வகுத்தால் 0.367 வரும். அதை 44ஆல் பெருக்கினால் 16.1 வரும். அதாவது இன்றைய சூழலுக்கு மாற்றிப் பார்த்தால் சேம்பர்லேனின் 25.7 சுமார் 16 ஆகிறது. அப்போதும் அது இன்றைய முதல்நிலை வீரர்களைவிட மேலான எண்தான் என்பதைக் கவனியுங்கள். கூடவே, அப்பருவத்தில் அவர் சராசரியாக 48.5 நிமிடங்கள் ஆடினார் என்பதையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் மொத்த நேரமே 48 நிமிடங்கள்தான். மேலதிக நேர ஆட்டங்களால் சராசரி அதையும் தாண்டிவிட்டது.

ஒவ்வொரு வீரரின் பக்கத்திலும் அவர் காலத்து விதிகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் உதவும். 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954இலும், மூன்று புள்ளிக் கோடு 1979இலும் என்.பி.ஏக்கு வந்தன. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் தொலைவிலிருந்து எறிந்த ஜெரி வெஸ்டுக்குக் கிடைத்தவை இரண்டு புள்ளிகளே.

படி 5: எத்தனை புள்ளி என்பதோடு, எத்தனை எறிதலில் என்றும் கேளுங்கள்

ட்ரூ ஷூட்டிங் என்ற கணக்கு இதற்கு உதவுகிறது. களத்தில் எறிந்த தடவைகளுடன், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிந்த தடவைகளை 0.44ஆல் பெருக்கிக் கூட்டி, அதை இரட்டித்து, எடுத்த புள்ளிகளை அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே கிடைப்பதாலும், சில வேளைகளில் கூடை விழுந்த பின் ஒன்று மட்டும் கிடைப்பதாலும், அரைப்பங்குக்குச் சற்றுக் குறைவான 0.44 பயன்படுத்தப்படுகிறது.

இரண்டு புகழ்பெற்ற ஆட்டங்களைக்கொண்டு செய்துபார்ப்போம். 1962 மார்ச் 2ஆம் திகதி பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகரில் நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு எதிராகச் சேம்பர்லேன் 100 புள்ளிகள் எடுத்தார். களத்தில் 63 தடவை எறிந்து 36ஐயும், ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28ஐயும் போட்டார். 32ஐ 0.44ஆல் பெருக்கினால் 14.08, 63ஐக் கூட்டினால் 77.08, இரட்டித்தால் 154.16. நூறை அதனால் வகுத்தால் கிடைப்பது 0.649. 2006 ஜனவரி 22ஆம் திகதி டொரொன்டோ அணிக்கு எதிராகக் கோபி பிரயன்ட் 81 புள்ளிகள் எடுத்தபோது களத்தில் 46 தடவைகளும் ஃப்ரீ த்ரோவாக 20 தடவைகளும் எறிந்தார். அதே கணக்கில் 81ஐ 109.6ஆல் வகுத்தால் 0.739 வருகிறது. ஒவ்வொரு எறிதலின் பயனையும் பார்த்தால் 81 புள்ளி எடுத்த அந்த இரவே கூர்மையானது என்பது என் முடிவு. கோபி போட்ட ஏழு மூன்று புள்ளி எறிதல்களுக்கான கோடு 1962இல் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

படி 6: பட்டங்களை எண்ணாதீர்கள், நிறுங்கள்

ரொபர்ட் ஹொரி ஏழு பட்டங்கள் வென்றவர். ஜோர்டனைவிட ஒன்று கூட. அவர் நெருக்கடி நேரத்தில் அஞ்சாத நல்ல துணை வீரர், ஆனால் எந்த வரிசையிலும் ஜோர்டனுக்கு மேலே வர மாட்டார். ஜோன் ஸ்டொக்டன் 15,806 அசிஸ்ட்களுடன் (சக வீரர் கூடை போட உதவிய பந்துக் கடத்தல்) முதலிடத்தில் இருக்கிறார், பட்டம் ஒன்றுமில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பட்டத்தில் இவருடைய பங்கு என்ன என்பதே. 1969இல் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது தோற்ற அணியின் ஜெரி வெஸ்டுக்குப் போனது. தோற்றவரின் திறனையும் மதித்த அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

லெப்ரோன் பத்து இறுதிச் சுற்றுகளில் ஆடி நான்கில் மட்டுமே வென்றார், ஜோர்டனோ ஆறில் ஆடி ஆறையும் வென்றார் என்று பலர் வாதிடுவார்கள். ஜோர்டனின் முதல் மூன்று பிளேஒஃப்களும் முதற்சுற்றிலேயே முடிந்துவிட்டன. முதற்சுற்றில் தோற்பதைவிட இறுதிச் சுற்றில் தோற்பது இழிவு என்று கொள்ளும் எந்தக் கணக்கும் தவறானது. 2016 இறுதிச் சுற்றில், வழக்கமான பருவத்தில் 73 வெற்றிகள் பெற்ற கோல்டன் ஸ்டேட் அணியிடம் ஆட்டக் கணக்கில் ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கியிருந்து லெப்ரோனின் கிளீவ்லாந்து வென்றது. அந்தத் தொடரில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தல்), பிளாக் (எறிந்த பந்தைத் தட்டித் தடுத்தல்) ஐந்திலும் இரு அணியினரையும் விட முன்னின்றவர் அவரே. அந்த ஒரு பட்டத்துக்கு மட்டும் என் கொப்பியில் தனிப் பக்கம் உண்டு.

ரசலின் பதினொரு பட்டங்களையும் இப்படித்தான் நிறுக்க வேண்டும். அவர் ஆடிய பெரும்பாலான ஆண்டுகளில் எட்டு அல்லது ஒன்பது அணிகளே இருந்தன. பல ஆண்டுகளில் பிளேஒஃபில் இரண்டு தொடர்களை (ஒரே எதிரணியுடன் பல ஆட்டங்கள் ஆடும் சுற்று) வென்றாலே பட்டம் கிடைத்தது. இன்று முப்பது அணிகள், நான்கு தொடர்கள். ஆனாலும் பதின்மூன்று ஆண்டுகளில் பதினொன்று என்பதை அணிகளின் எண்ணிக்கையால் மட்டும் குறைத்துவிட முடியாது.

படி 7: முழு ஆட்டத்தையும் பாருங்கள்

பிளாக்குகளையும் ஸ்டீல்களையும் என்.பி.ஏ 1973–74 பருவத்தில்தான் பதியத் தொடங்கியது. ரசல் 1969இல் ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய தலையாய கலை எந்த அட்டவணையிலும் இல்லை என்பது இதன் பொருள். அதை ஈடுசெய்யும் ஒரு சான்று இருக்கிறது. சேம்பர்லேன் 50.4 புள்ளி எடுத்த, ஒஸ்கார் ரொபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி கண்ட அதே 1961–62 பருவத்தின் எம்.வி.பி ரசல்தான். அக்காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்களே. களத்தில் அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் யாரைக் கண்டு அதிகம் அஞ்சினார்கள் என்பதை அந்த வாக்கு காட்டுகிறது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டத்தையாவது முழுமையாகப் பாருங்கள். இரண்டு நிமிடத் துண்டுக் காட்சிகளில் கூடை விழுவது மட்டுமே தெரியும். பந்தில்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், தவறவிட்ட பின் திரும்பி ஓடுகிறாரா, எதிரணி அவர் பக்கம் வரத் தயங்குகிறதா என்பவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். இன்றைய வீரர்களைப் பார்ப்பது நமக்கு எளிது. அமெரிக்காவின் இரவு ஆட்டங்கள் இங்கே காலை ஆறு மணியளவில் தொடங்குகின்றன.

படி 8: புள்ளியிட்டு வரிசைப்படுத்துங்கள்

ஓர் அளவுகோலை எடுத்து இருபது பேருக்கும் புள்ளியிட்டு முடித்த பின்னரே அடுத்த அளவுகோலுக்குப் போங்கள். ஒரு வீரருக்கு ஐந்தையும் ஒரேயடியாக இட்டால், அவர் மீதான விருப்பம் எல்லாக் கட்டங்களிலும் கசிந்துவிடும்.

என் கணக்கில் ஜோர்டன் 93, லெப்ரோன் 90. 1987–88 பருவத்தில் எம்.வி.பி விருதையும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதையும் ஜோர்டன் ஒருசேர வென்றதும், 30.1 என்ற அவருடைய வாழ்நாள் புள்ளிச் சராசரியும் உச்சத்துக்கான முழுப் புள்ளியை அவருக்குப் பெற்றுத்தந்தன. 2023 பெப்ரவரியில் கரீமின் 38,387 புள்ளிகளைத் தாண்டி, 2024 மார்ச்சில் 40,000ஐக் கடந்த லெப்ரோனுக்கு நிலைத்தாடியதற்கான முழுப் புள்ளி. கரீமும் ரசலும் 87இல் சமநிலையில் வந்தார்கள். சமநிலை வந்தால் அதிகப் புள்ளி ஒதுக்கிய அளவுகோலில் முன்னிற்பவரை மேலே வைப்பது என் விதி. அதன்படி கரீம் மூன்றாவது, ரசல் நான்காவது. அடுத்து சேம்பர்லேன், மஜிக், டங்கன், பேர்ட், ஓநீல், ஒலாஜுவான்.

பத்தாம் இடத்துக்கு ஒலாஜுவானுக்கும் கறிக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். 1994இல் எம்.வி.பி, சிறந்த தடுப்பாட்ட வீரர், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஒரே ஆண்டில் பெற்றதால் ஒலாஜுவான் முந்திக்கொண்டார். கறியின் புள்ளிகளை நான் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் ஓய்வுபெறாத யோக்கிச்சின் வரியும் அப்படியே. நீங்களும் ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பென்சிலால் எழுதி, வரிசையின் மேல் மூலையில் திகதியிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் இறுதிச் சுற்று முடிந்ததும் அந்த வரிகளை மட்டும் மீண்டும் கணக்கிடுங்கள்.