வீடியோ கேமும் விசுவாசப் பாடமும்: சபையும் வீடும் அடிக்கடி செய்யும் தவறுகள்

வீடியோ கேம் பற்றிச் சபைகளில் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில் போய் முடியும். ஒன்று, "பிள்ளைகளைக் கெடுக்கிற கண்ணி, தூர வை" என்ற தடை. இன்னொன்று, "அவர்களைப் பிடிக்க நாமும் ஒரு பைபிள் கேம் வைத்துக்கொள்வோம்" என்ற ஆசை. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பிழை ஒன்றே. திரையில் என்ன படம் தெரிகிறது என்று மட்டும் பார்க்கிறோம். விளையாடுகிறவரை அந்தக் கேம் என்ன செய்ய வைக்கிறது, எதற்குப் பரிசு தருகிறது, எதைக் கண்டும் காணாமல் விடுகிறது என்று பார்ப்பதில்லை. பாடம் நடப்பது அங்கேதான்.

வேதாகமப் பெயர் வைத்தால் வேதபாடம் ஆகிவிடும் என்று நம்புவது

1991-இல் விஸ்டம் ட்ரீ என்ற அமெரிக்க நிறுவனம் 'பைபிள் அட்வென்சர்ஸ்' என்று ஒரு கேம் வெளியிட்டது. நோவா, குழந்தை மோசே, தாவீதும் கோலியாத்தும் என்று மூன்று கதைகள். மோசே பகுதியில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நோவா கதையில் விலங்குகளைத் தூக்கிப்போடும் அதே வசதி இங்கேயும் உண்டு. ஆகவே குழந்தை மோசேயையும் தூக்கி எறியலாம். குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு லெவலின் முடிவுக்கு வந்தால், மோசேயை மறந்துவிட்டாய் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். விளையாடிய பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது மோசேயின் தாய் யோகெபேத்தின் விசுவாசமா, குழந்தையை எறிந்து பார்த்த சிரிப்பா என்று கேட்கவே வேண்டாம்.

அதே நிறுவனம் பின்னர் 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' கொண்டுவந்தது. நாஜிப் படைவீரர்களைச் சுட்டுத் தள்ளும் 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' கேமின் மென்பொருள் எந்திரத்தில் செய்தது. துப்பாக்கிக்குப் பதில் கவண், குண்டுக்குப் பதில் தீனி, செத்து விழுவதற்குப் பதில் விலங்கு தூங்கிப்போகும். யாருக்கும் கெடுதல் இல்லைதான். ஆனால் விளையாடுகிற பிள்ளையின் கை பழகுவது மூலைக்கு மூலை குறிபார்க்கத்தான். கீழ்ப்படிதலும் நாள்கணக்கான காத்திருப்பும் நோவாவின் கதையில் உண்டு, கேமின் விதிமுறையில் கிடையாது.

இவை விளையாட்டுத்தனமான பிழைகள். 2006-இல் வந்த 'லெஃப்ட் பிஹைண்ட்: எட்டர்னல் ஃபோர்சஸ்' கொஞ்சம் யோசிக்க வைப்பது. கடைசிக்கால நியூயார்க் நகரில் விசுவாசிகளின் குழுவை நடத்தும் உத்திக் கேம் அது. ஆட்களை மனந்திரும்பச் செய்து படையில் சேர்க்கலாம். தேவைப்பட்டால் எதிரிகளைக் கொல்லவும் செய்யலாம். கொன்றால் அந்த ஆளின் ஆவிக்குரிய அளவு குறையும். ஜெபிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஏறும். வன்முறைக்காக அப்போது எழுந்த கண்டனம் நியாயமானதே. ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது அந்தப் பொத்தான். ஜெபம் என்பது செலவான எரிபொருளை நிரப்பிக்கொள்ளும் வேலை என்று எந்த இறையியல் ஆசிரியரும் வகுப்பில் சொல்லமாட்டார். கேமின் விதிமுறை அதைச் சத்தமில்லாமல் நூறு தடவை செய்ய வைத்துவிடுகிறது.

எனவே ஒரு கேமை வகுப்புக்கோ வீட்டுக்கோ கொண்டுவரும் முன், அட்டையில் யார் படம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: இதில் தப்புச் செய்தால் என்ன ஆகும்? ஜெயிக்க எதைச் செய்தாக வேண்டும்?

இந்தக் கேள்வியோடு போனால் எதிர்பாராத இடங்களில் நல்ல பாடம் கிடைக்கும். 1985-இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4' கேமில் கொன்று முடிக்க வேண்டிய பெரிய வில்லன் என்று ஒருவரும் இல்லை. நேர்மை, இரக்கம், தியாகம், தாழ்மை என்று எட்டு நற்குணங்களில் தேற வேண்டும். ஆன்மிகமும் அந்த எட்டில் ஒன்று. அதில் மூலிகை விற்கும் ஒரு பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது. சரக்கு கைக்கு வரும், திரை ஒன்றும் சொல்லாது, பயணம் தொடரும். பிற்பாடுதான், நேர்மையில் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியவரும். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியா சப்பீராள் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது கடினம். அந்தக் கேமில் ஒரு வேத வசனம்கூட இல்லை.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே நற்குணம் என்பது சேர்த்துச் சேர்த்து நிரப்பும் கணக்கு. கிருபைக்கு அங்கே இடமே இல்லை. எண்களால் ஆன விதிமுறைக்குக் கிருபை பிடிபடுவதும் கஷ்டம். தகுதியில்லாதவனுக்கு எதற்குப் பரிசு என்று மென்பொருள் கேட்கும். பதின்பருவ மாணவர்களிடம் இந்த முரணையே எடுத்து வைக்கலாம். "கிருபையை விதியாக வைத்து ஒரு கேம் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேர வகுப்பு போதாது.

மலிவான உவமைகள்

"கேமில் எக்ஸ்ட்ரா லைஃப் கிடைக்கிற மாதிரிதான் உயிர்த்தெழுதல்." "கேமைச் சேவ் செய்கிறாயே, அதுபோல இயேசு உன்னைச் சேவ் செய்கிறார்." இப்படிப் பேசும் ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகள் மரியாதைக்காகத்தான் சிரிக்காமல் இருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்திலும் இருக்கிறது. சேவ் செய்த இடத்துக்குத் திரும்பினால் நடந்தது நடக்காததாகிவிடும். மன்னிப்பு அப்படி வேலை செய்வதில்லை. யோவான் 20-இல் உயிர்த்தெழுந்தவரின் கைகளில் காயங்கள் அப்படியே இருக்கின்றன. சந்தேகப்பட்ட சீடர் தோமாவுக்குக் காட்டப்படுவதே அவைதான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட கேம் ஒன்றும் உண்டு. 2015-இல் வந்த 'அண்டர்டேல்' முழுவதையும் யாரையும் கொல்லாமல் முடிக்கலாம். தொடக்கத்தில் உங்களை அன்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய இடத்துக்குத் திரும்பி அவளை உயிரோடு விட்டால், அங்கே ஒரு பாத்திரம் வந்து நீ முன்பு என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. அழித்து எழுதுவதும் மனந்திரும்புதலும் ஒன்றா என்ற கேள்வியை இந்த ஒரு காட்சியை வைத்தே எழுப்பலாம். உவமை தேடி அலைய வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் கேமுக்குள்ளேயே விவாதத்துக்கு விஷயம் இருக்கிறது.

கொம்பைப் பார்த்து மிரள்வது, கல்லாப்பெட்டியைக் கவனிக்காமல் விடுவது

பேய், மந்திரம், ஐந்துமுனை நட்சத்திரம் தெரிந்தால் தடை. வண்ணப் பூக்களும் குட்டி மிருகங்களும் தெரிந்தால் பச்சைக்கொடி. 1993-இல் வந்த 'டூம்' கேமில் நரகத்துப் பிசாசுகள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றோடு சண்டை போடுவதுதான் அங்கே வேலை. அது சிறுபிள்ளைகளுக்கு ஆகாது என்பதற்கு ரத்தக்களறியே போதுமான காரணம். பிசாசு வழிபாடு என்று கூட்டிச்சொல்லத் தேவையில்லை. கூட்டிச்சொன்னால், விளையாடிப் பார்த்த பிள்ளைக்கு ஆசிரியர் விஷயம் தெரியாமல் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மற்ற விஷயங்களில் சொல்வதும் எடுபடாது.

பார்க்க வேண்டியது வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் என்கிற அதிர்ஷ்டப் பெட்டியை, பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் தன் நாட்டுச் சட்டப்படி சூதாட்டம் என்றது. சீட்டாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த குடும்பத்திலேயே பத்து வயதுப் பையன் அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கலாம். திரையில் கொம்பு வைத்த யாரும் இல்லாததால் ஒருவர் கண்ணிலும் படாது.

திருச்சபை ஒரு கேமைச் சரியான காரணத்துக்காகக் கண்டித்ததும் உண்டு. 2006-இல் வந்த 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' கேமில் மான்செஸ்டர் கதீட்ரலுக்குள் துப்பாக்கிச் சண்டை நடக்கும். இங்கிலாந்துத் திருச்சபை 2007-இல் அதை எதிர்த்தது. துப்பாக்கிக் குற்றங்களால் ஏற்கெனவே காயப்பட்ட நகரம், அதன் உண்மையான வழிபாட்டிடம், கேட்காமல் எடுத்துக்கொண்டது எப்படிச் சரி என்றார்கள். கேமை வெளியிட்ட சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

வசனத்துக்கு நட்சத்திரம், வாசிப்புக்குப் பாயின்ட்

ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு ஸ்டிக்கர் கொடுப்பது கணினிக்கு முந்தைய பழக்கம். இப்போது அது வேதாகமச் செயலிகளில் தொடர்நாள் கணக்காகவும் பேட்ஜாகவும் வளர்ந்திருக்கிறது. இதில் கவனம் வேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள சிறுபிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முன்னால் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்ட நேரத்தில், பரிசுக்காக வரைந்த முதல் குழு மற்றவர்களைப் போலப் பாதி நேரமே வரைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

ஆசையோடு செய்வதற்குக் கூலி பேசினால் ஆசை வற்றிவிடும் என்பதுதான் விஷயம். முந்நூறு நாள் தொடர் ஒரு காய்ச்சலில் அறுந்துபோனதும் வேதாகமம் வாசிப்பதையே விட்டுவிடும் ஆட்கள் பெரியவர்களிலும் உண்டு. பரிசு தர வேண்டும் என்றால் சொல்லாமல் தாருங்கள். முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள்.

விளையாட்டே வீண் என்பது

இதில் நீட்ட ஒன்றும் இல்லை. மீட்கப்பட்ட எருசலேமைத் தீர்க்கதரிசி சகரியா படம்பிடிக்கும்போது (8:5) தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அளவு மீறிய விளையாட்டைத் தவறு என்கிறார். அதே இடத்தில், விளையாடவே தெரியாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பவனையும் குறை சொல்கிறார். இரண்டாவதைச் சபைகளில் யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை.

உள்ளம் அசைந்ததும் உடனே பாடம் சொல்ல வாயைத் திறப்பது

2012-இல் வந்த 'ஜர்னி' கேமில் பாலைவனத்தில் தூரத்து மலையை நோக்கி நடக்க வேண்டும். வழியில் முகம் தெரியாத இன்னொருவர் வந்து சேரலாம். அவரும் எங்கேயோ இருந்து விளையாடும் நிஜமான மனிதர். பேச முடியாது, எழுத முடியாது, ஓர் ஒலி எழுப்பலாம், கூடவே நடக்கலாம். முடித்தவர்கள் பலர் அதை ஆன்மிக அனுபவம் என்றார்கள். அதை அப்படியே ஏற்று, ஆராதனைக்கு இணை என்று சொல்வது ஒரு தவறு. வெறும் இசையும் நிறமும் செய்த மாயம் என்று ஒதுக்குவது இன்னொன்று. உள்ளத்தில் ஏதோ அசைந்தது உண்மை. அது எதை நோக்கி அசைந்தது என்று உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆசிரியருக்கு அங்கேதான் வேலை.

'தட் டிராகன், கேன்சர்' இன்னும் நேரடியானது. அதை உருவாக்கிய ரயனும் ஏமியும் கிறிஸ்தவப் பெற்றோர். அவர்கள் மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் மூளைப் புற்றுநோய் தெரியவந்தது, 2014-இல் இறந்துபோனான். கேம் 2016-இல் வந்தது. அதில் ஓர் இரவு மருத்துவமனை அறையில் குழந்தை தாகத்தால் அழுதுகொண்டே இருக்கிறான். எதை அழுத்தினாலும் அழுகை நிற்காது. நமக்குப் பழகிய "ஏதாவது ஒரு வழி இருக்கும்" என்ற நம்பிக்கை அங்கே வேலை செய்வதில்லை. களைத்துப்போய் அப்பா ஜெபிக்கிறார், குழந்தை அமைதியாகிறான். ஆனால் கதை அத்தோடு முடிந்து குணமாகிவிடுவதில்லை. முன்பு சொன்ன உத்திக் கேமின் ஜெபப் பொத்தானையும் இந்த அறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஜெபத்தைப் பற்றி எது என்ன கற்பிக்கிறது என்று விளங்கும்.

இதைச் சிறுபிள்ளைகளுக்குப் போடக்கூடாது. அண்மையில் வீட்டில் சாவு கண்டவர் யாராவது இருக்கிறாரா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். பெரிய மாணவர்களோடு பார்த்தால், முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருக்க விடுங்கள். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று உடனே தொடங்குவதுதான் அனுபவமுள்ள ஆசிரியர்களும் செய்யும் பிழை.

ஒரே அளவுகோலால் எல்லோரையும் அளப்பது

2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ், 15 வயதில் இறந்த இத்தாலியச் சிறுவன். கேம் விளையாடுவதை வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று அவன் தனக்குத்தானே வரையறுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இதைக் கேட்டதும் "பார், அவனைப் போல ஒரு மணி நேரம்தான்" என்று வீட்டில் சட்டம் போடுகிறவர்கள், 'தனக்குத்தானே' என்ற பகுதியைத் தவறவிடுகிறார்கள். சேர்ந்து பேசி வைத்த வரம்புதான் நிற்கும். வரம்பையும் நிமிடத்தில் வைப்பதைவிட ஆட்டக் கணக்கில் வைப்பது நல்லது. ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் பிடுங்கினால் கூட விளையாடும் மற்ற பிள்ளைகளைக் கைவிட்டதாகிவிடும். "இந்த ஆட்டம் முடியட்டும்" என்பது எல்லா நேரமும் சாக்கு அல்ல.

அதோடு, ஆர்வமாக விளையாடும் எல்லோரையும் அடிமை என்று சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கேமிங் கோளாறு என்று சொல்ல மூன்று அடையாளங்கள் வேண்டும்: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கேடு வந்த பிறகும் விடாமல் தொடர்தல். படிப்போ உறவோ வேலையோ பெரிதும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வழக்கமாக 12 மாதங்களாவது இது நீடித்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்த பிள்ளையை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லவைப்பதும் கன்சோலை உடைப்பதும் வேண்டாம். ஜெபியுங்கள், மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். பள்ளியில் அடியோ கேலியோ, வீட்டில் சண்டையோ இருந்து அதிலிருந்து தப்பிக்கத்தான் திரைக்குள் போயிருக்கிறானா என்பதையும் விசாரியுங்கள். அப்படியானால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.