ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு: தேடுவது எப்படி?

"ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிடம்" என்று போடாத வீட்டு விளம்பரம் அபூர்வம். அதை நம்பி நானும் ஒருமுறை வீடு எடுத்தேன். வரைபடத்தில் 400 மீட்டர்கூட இல்லை. ஆனால் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் வாசல் அந்தப் பக்கம். பாலத்தைச் சுற்றிப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர்! காலி செய்யும்வரை தினமும் இரண்டு வேளை நடந்தேன்.

படி 1: முதலில் வழித்தடம், பிறகு வீடு

அடிக்கடி போகிற இடத்தை, பெரும்பாலும் அது அலுவலகம்தான், எழுதிக்கொள்ளுங்கள். அங்கே வண்டி மாறாமல் போகும் ரயில், பஸ் தடங்கள் எவை? அந்தத் தடங்களில் இருக்கும் நிறுத்தங்களை ஒட்டி மட்டும் வீடு தேடுங்கள். நடுவில் ஒருமுறை மாறி நாலு ஸ்டேஷன் போவதைவிட, மாறாமல் எட்டு ஸ்டேஷன் போவதே எனக்குப் பிடிக்கும். முதல் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தாலே அடுத்த வண்டி கைநழுவிவிடும்.

படி 2: எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி?

புதிதாகத் தேடுபவர்கள் தூரத்தை மட்டும் பார்த்து இதைக் கோட்டை விடுகிறார்கள். நேரம் பார்க்காமல் கிளம்பிப் போனால், சராசரியாக அந்த இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் 5 நிமிடம், அரை மணிக்கு ஒன்று என்றால் 15. வாசலிலேயே நிற்கும் அரை மணி பஸ்ஸைவிட, கொஞ்சம் நடந்தால் கிடைக்கும் ஆறு நிமிட ரயில் மேல். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையையும் கடைசி வண்டி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 3: நடந்து அளந்து பாருங்கள்

சாதாரண நடையில் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் போகலாம். 800 மீட்டருக்குப் பத்து நிமிடம். மேப் செயலியில் 'நடை' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்டேஷன் பெயருக்குப் பதிலாக நீங்கள் நுழையப்போகும் வாசலைக் குறியுங்கள். பெரிய ஸ்டேஷன்களில் வாசலிலிருந்து நடைமேடைக்கே நாலைந்து நிமிடம் ஆகும். முழுப் பயணத்தையும் பார்க்கும்போது, வேலை நாள் காலையில் 'இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று நேரம் கொடுங்கள். ஞாயிறு இரவு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு திங்கட்கிழமை காலைக்கு உதவாது.

படி 4: இரண்டு முறை நேரில் போங்கள்

காலை நெரிசலில் ஒருமுறை. தடத்தின் நடுவில் இருக்கும் ஸ்டேஷன் என்றால், வண்டி நிரம்பியே வரும். ஏற முடிகிறதா என்று பாருங்கள். புறப்படும் இடத்துக்குப் பக்கம் என்றால் உட்கார இடம் கிடைக்கலாம். இரவில் இன்னொரு முறை: தெருவிளக்கு, நடைபாதை, ஆள் நடமாட்டம்.

வீட்டுக்குள் போனதும் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ரயில் கடக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே நில்லுங்கள். தண்டவாளம் வளையும் இடத்தில் சக்கரம் கிறீச்சிடும். தடத்தை ஒட்டிய தெருவைவிட அதற்குப் பின்னால் இருக்கும் தெரு நல்லது. முன்வரிசைக் கட்டடங்களே சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

படி 5: வாடகையோடு நேரத்தையும் கூட்டுங்கள்

ஒரு வழிக்கு 20 நிமிடம் மிச்சமானால், 22 வேலை நாளில் 880 நிமிடம், கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம். கூடுதல் வாடகை அதற்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். 'விரைவில் புது ஸ்டேஷன் வருகிறது' என்று சொல்லி வாடகை அதிகம் கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருகிறவரை உங்களுக்குக் கிடைப்பது தூசியும் மாற்றுப்பாதையும்தான்.