ஓடும் செயல்முறை பிடித்திருக்கும் நினைவகத்தை அளப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கணினியில், காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் செயல்முறைகளின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின், நினைவக அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். 8 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினியில் கூட்டுத்தொகை 11 ஜிபியைத் தாண்டியது. கருவி பொய் சொல்லவில்லை. நான் கூட்டியதுதான் தவறு.

லினக்ஸில் பிஎஸ் கட்டளை காட்டும் விஎஸ்இசட் என்பது செயல்முறைக்கு ஒதுக்கப்பட்ட முகவரி வெளியின் அளவு. இன்னும் தொடப்படாத பக்கங்களும் (நினைவகத்தைப் பிரித்துக் கணக்கிடும் சிறு துண்டுகள்) அதில் அடங்குவதால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அஞ்சத் தேவையில்லை. ஆர்எஸ்எஸ் என்பது ரேமில் உண்மையாகவே இருக்கும் பக்கங்களின் அளவு. ஆனால் பல செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுமையாக ஏறிவிடும். பர்கூர்ப் பக்கத்து விவசாயிகள் நால்வர் 2,000 ரூபாய் வாடகைக்கு ஒரே வண்டியில் காய் ஏற்றிவிட்டு, ஒவ்வொருவரும் தம் நோட்டில் 2,000 என்றே எழுதிக்கொண்டால், மொத்தம் 8,000 ஆகிவிடும் அல்லவா? ஆளுக்கு 500 என்று பிரித்து எழுதும் கணக்குதான் பிஎஸ்எஸ். கூட்டுவதற்குரிய எண் அதுவே.

ப்ராக் (/proc) அடைவுக்குள் செயல்முறை எண்ணையே பெயராகக் கொண்ட அடைவைத் திறந்து, ஸ்மாப்ஸ் ரோலப் (smaps_rollup) என்ற கோப்பைக் கேட் கட்டளையால் படித்தால் பிஎஸ்எஸ் வரி கிடைக்கும். இக்கோப்பு 2017-இல் வந்த லினக்ஸ் 4.14 முதல் உள்ளது. அதற்கு முந்தைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஸ்மாப்ஸ் கோப்பின் பிஎஸ்எஸ் வரிகளை நாமே கூட்ட வேண்டும். பிறர் இயக்கும் செயல்முறையைப் பார்க்க ரூட் எனப்படும் நிர்வாகி உரிமை தேவை. ஒரு செயல்முறையை நிறுத்தினால் எவ்வளவு ரேம் விடுபடும் என்று அறிய, அதே கோப்பின் பிரைவேட் கிளீன், பிரைவேட் டர்ட்டி ஆகிய இரண்டு வரிகளைக் கூட்டினால் போதும். ரேமிலிருந்து வட்டிலுள்ள ஸ்வாப் இடத்துக்குத் தள்ளப்பட்டவை பிஎஸ்எஸ்ஸில் வருவதில்லை. அவற்றுக்குத் தனி வரி உண்டு.

நிரல் வேலை முடிந்தும் நினைவகத்தை விடுவிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் நினைவகக் கசிவு என்று ஐயம் எழுந்தால், ஒரே அளவீட்டை நம்பி முடிவு கட்டாமல், பல மணி நேர இடைவெளியில் குறித்து வர வேண்டும். நிரல் விடுவித்த இடத்தை, நினைவகம் ஒதுக்கித் தரும் மல்லாக் எப்போதும் உடனே கெர்னலிடம் திருப்பித் தருவதில்லை. அதற்காக நொடிக்கொரு முறை ஸ்மாப்ஸைப் படிப்பதும் நல்லதன்று. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையை ஒவ்வொரு முறையும் கெர்னல் நடந்து பார்க்க வேண்டியிருப்பதால், பெரிய செயல்முறைகளில் அளவீடே சுமையாகிவிடும்.